ஏலமும் எல்லையும்

நுழையும்முன்

வாங்கி விற்பது வணிகம். எதை வாங்குவது, எங்கே வாங்குவது, என்ன விலைக்கு வாங்குவது என்னும் மூன்று வினாக்களுக்கும் சரியான விடை கண்டவரே அத்தொழிலில் நிலைக்கின்றனர். மறுவிற்பனைக்குரிய சரக்கைத் தேடிச் சந்தை சந்தையாக அலைந்த காலம் மாறி, இணைய ஏலத்தில் கேட்டு வாங்கும் காலம் வந்திருக்கிறது. வசதி பெருகிய இடத்தில் இடரும் பெருகியுள்ளது. அவ்விடரை அறிவால் வெல்லும் வழியை விளக்குகிறது இப்பாடம்.

ஒரு சொல், இரு பொருள்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், தேனி மாவட்டத்தில் அமைந்த ஊர் போடிநாயக்கனூர். கேரளத்தின் இடுக்கி மாவட்ட ஏலமலைத் தோட்டங்களில் விளையும் காய்கள் இவ்வூரிலும் இடுக்கியைச் சேர்ந்த புற்றடியிலும் இயங்கும் மின்னேல மையங்களில் விற்பனையாகின்றன. நறுமணப் பொருள்கள் வாரியத்தின் ஏற்பாட்டில் நடைபெறும் இவ்வேலத்தில் ‘ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம்’ என்னும் கூவல் கேட்பதில்லை. வணிகர்கள் ஆளுக்கொரு கணினியின் முன் அமர்ந்திருக்கிறார்கள். ஒவ்வொரு சரக்குக் குவியலுக்கும் ஓர் எண் உண்டு. அக்குவியலிலிருந்து எடுத்த மாதிரிக் காய்கள் வணிகர் கைக்கு வருகின்றன. அவர் நிறத்தைப் பார்க்கிறார், பருமனைப் பார்க்கிறார், காய் வெடித்திருக்கிறதா என்று நோக்குகிறார். ஒரு லிட்டர் கொள்ளளவில் எத்தனை கிராம் காய் அடங்கும் என்னும் ‘லிட்டர் எடை’யும் தரத்தைக் காட்டும் அளவுகோலாகும். பின்பு அவர் விரல் விசையைத் தொடுகிறது. திரையில் விலை ஏறுகிறது.

ஏலத்தில் எடுத்த காய்களை வணிகர்கள் அப்படியே விற்றுவிடுவதில்லை. சல்லடைகளில் சலித்து, அளவுவாரியாகப் பிரித்து, பழுதானவற்றைப் பொறுக்கி நீக்கித் தரம்பிரிக்கின்றனர். போடியில் இப்பணியில் பெண்கள் பலர் ஈடுபட்டுள்ளனர். அதன்பின்னரே சரக்கு வடஇந்திய நகரங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் பயணப்படுகிறது. வாங்கிய விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையிலுள்ள வேறுபாடு தானாக வருவதன்று. பார்வை, உழைப்பு, காத்திருப்பு ஆகிய மூன்றின் பயன் அது.

‘ஏலத்தில் ஏலம்’ என்று இந்நிகழ்வைச் சொன்னால் அது வெறும் சொல்விளையாட்டன்று. நறுமணக் காயைக் குறிக்கும் ஏலம் பழந்தமிழ்ச் சொல். பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றான ஏலாதி, ஏலத்தை முதலாகக் கொண்ட ஆறு மருந்துப் பொருள்களால் பெயர் பெற்றது. விற்பனை முறையைக் குறிக்கும் ஏலமோ, ‘லெய்லாவ்’ என்னும் போர்த்துகீசியச் சொல்லின் வழியே தமிழுக்கு வந்தது. கடல்கடந்து வந்த சொல், மலைவிளைபொருளின் பெயரோடு ஒலியால் ஒன்றி, போடியில் ஒரே கூடத்தில் சந்திக்கிறது.

மெழுகுவர்த்தியும் பேரரசும்

ஏலத்தின் வரலாறு நெடியது. கி.பி. 193ஆம் ஆண்டு உரோமைப் பேரரசர் பெர்ட்டினாக்ஸைக் கொன்ற மெய்க்காவற்படையினர், அரியணையையே ஏலத்தில் விட்டனர். சல்பிசியானஸ், டிடியஸ் ஜூலியானஸ் ஆகிய இருவர் போட்டியிட்டனர். வீரர் ஒவ்வொருவருக்கும் 25,000 செஸ்டர்ஸ் நாணயம் தருவதாகக் கேட்டு ஜூலியானஸ் வென்றார். வென்றதன் பயன் 66 நாள் ஆட்சி. அதன் முடிவில் அவர் கொல்லப்பட்டார். தாம் வாங்கும் பொருளின் உண்மையான நிலையை எண்ணாமல், எதிரே நிற்பவரை வெல்வதொன்றையே எண்ணியவரின் வரலாறு இது.

பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ‘மெழுகுவர்த்தி ஏலம்’ வழக்கிலிருந்தது. ஓர் அங்குல மெழுகுவர்த்தியை ஏற்றிவைப்பர். சுடர் அணையும் நொடியில் கடைசியாகக் கேட்டவருக்கே பொருள் உரியது. 1662ஆம் ஆண்டு கப்பல் ஏலமொன்றைக் கண்ட சாமுவேல் பெப்பீஸ், அங்கே ஒருவர் மற்றவரைவிடத் திறமையாகச் செயற்பட்டதைத் தம் நாட்குறிப்பில் பதிவு செய்துள்ளார். சுடர் அணையப் போகும் வேளையில் புகை கீழ்நோக்கி இறங்கும் என்பதை அவர் கவனித்து வைத்திருந்தார். அந்நொடியில் விலை கேட்டார். எல்லாரும் பொருளைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் புகையையும் பார்த்தார். ஏலத்தின் விதிகளை நுணுகி அறிவதும் வணிக அறிவின் ஒரு பகுதியே என்பதை அந்நிகழ்வு உணர்த்துகிறது.

இணையத்திற்கு வந்த ஏலம்

1995ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பியர் ஒமித்யார் என்னும் மென்பொருளாளர் ‘ஆக்சன்வெப்’ என்னும் இணைய ஏலத்தளத்தைத் தொடங்கினார். அதுவே பின்னர் ‘ஈபே’ எனப் பெயர் பெற்றது. அதில் முதலில் விற்பனையான பொருள் உடைந்த லேசர் சுட்டுக்கருவி, விலை 14.83 டாலர். அது பழுதானது என்பது தெரிந்துதான் வாங்குகிறீரா என்று ஒமித்யார் வினவ, தாம் பழுதான லேசர் சுட்டுக்கருவிகளைச் சேகரிப்பவர் என்று வாங்கியவர் விடையளித்தார் என்பர். ஒருவர் வேண்டாமென்று ஒதுக்கிய பொருளைத் தேடிக்கொண்டு எங்கோ மற்றொருவர் இருக்கிறார். அவ்விருவரையும் சேர்த்துவைப்பதே இணைய ஏலத்தின் ஆற்றல். மறுவிற்பனையாளர் என்பவர் அவ்விருவருக்கும் இடையில் நின்று, ஒதுக்கப்பட்டதைத் தேடியெடுத்துத் தேவைப்படுபவரிடம் சேர்ப்பவர்.

முகமறியாதவரிடம் பணத்தை அனுப்புவது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடையாக 1996இல் ஈபே, வாங்குபவரும் விற்பவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் கருத்துரைக்கும் முறையைக் கொண்டுவந்தது. ஊர்ச்சந்தையில் ‘நாணயமானவர்’ என்று பேரெடுக்கத் தலைமுறைகள் ஆகும். இணையத்தில் அப்பெயர் விற்பனைக்கு விற்பனை எழுதப்படுகிறது.

இந்தியாவில் 2000ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பாஸி டாட் காம் என்னும் தளத்தை 2004இல் ஈபே வாங்கியது. 2018இல் அதன் இந்தியத் தளம் மூடப்பட்டது. எனினும் இந்நாட்டில் மின்னேலம் மறையவில்லை. அது தனிமனிதர்களின் பழம்பொருள்களைவிட நிறுவனங்களின் சரக்கை விற்கும் வழியாக வேரூன்றியது.

சரக்கு கிடைக்கும் இடங்கள்

மறுவிற்பனைக்கான சரக்கு ஏலத்திற்கு வருவதற்குக் காரணங்கள் பல. விளைபொருளை விற்க வேண்டிய உழவர், இடத்தை ஒழிக்க வேண்டிய தொழிற்சாலை, தளவாடங்களை மாற்றும் அலுவலகம், விற்காமல் தேங்கிய சரக்கை உடைய கடை, கடனை மீட்க வேண்டிய வங்கி என விற்பவர் தரப்பில் ஒரு கட்டாயம் இருக்கும். அக்கட்டாயத்தை அறிந்தால் விலையின் போக்கையும் அறியலாம்.

1964இல் நிறுவப்பட்ட நடுவணரசின் எம்.எஸ்.டி.சி. நிறுவனம், பொதுத்துறை நிறுவனங்களும் அரசுத் துறைகளும் கழித்த பொருள்களை மின்னேலத்தில் விற்கிறது. இந்திய இரயில்வே தன் பழைய இரும்பையும் பிற கழிவுப் பொருள்களையும் மின்னேலத்தில் விடுகிறது. அரசு மின்சந்தையிலும் அரசு அலுவலகங்களின் கழித்த பொருள்கள் ஏலத்திற்கு வருகின்றன. தென்னிந்தியத் தேயிலை குன்னூர், கோயம்புத்தூர், கொச்சி ஆகிய மையங்களில் மின்னேலத்தின் வழி வணிகர் கைக்குச் செல்கிறது.

இவற்றில் எல்லாரும் எல்லாவற்றையும் வாங்கிவிட இயலாது. பதிவு செய்தல், வரி எண், முன்வைப்புத் தொகை ஆகியன முதற்படிகள். மின்கழிவு, பழைய மின்கலன் போன்றவற்றை உரிய ஒப்புதல் பெற்றோரே வாங்க இயலும். ஆகவே ஏல அறிவிப்பில் பொருளின் பெயரைப் படிக்குமுன் ‘யார் வாங்கலாம்’ என்னும் பகுதியைப் படிப்பது நேரத்தையும் பணத்தையும் காக்கும்.

பாராமல் வாங்குவதன் இடர்

விற்பவருக்குப் பொருளின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. இவ்வேறுபாடு சந்தையையே கெடுத்துவிடும் என்பதைப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அகர்லோஃப் 1970இல் எழுதிய கட்டுரையில் விளக்கினார். பழைய மகிழுந்துச் சந்தையை அவர் எடுத்துக்காட்டாகக் கொண்டார். நல்ல வண்டி எது, பழுதான வண்டி எது என்று வாங்குபவரால் பிரித்தறிய இயலாதபோது, அவர் எல்லா வண்டிக்கும் குறைந்த விலையே தர முன்வருவார். அவ்விலைக்கு நல்ல வண்டியை விற்க எவரும் விரும்பார். நல்லவை விலக, பழுதானவை சந்தையில் மிகும். இவ்வாய்வு அவருக்கு 2001ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பெற்றுத்தந்த பணிகளுள் முதன்மையானது.

மின்னேல அறிவிப்புகளில் ‘உள்ள இடத்தில் உள்ள நிலையில்’ என்னும் தொடர் தவறாமல் இடம்பெறும். பொருள் எங்கே கிடக்கிறதோ அங்கிருந்து எடுத்துச் செல்வது வாங்குபவர் பொறுப்பு; அதன் குறைக்கு விற்பவர் பொறுப்பேற்கமாட்டார் என்பது இதன் கருத்து. இச்சிறு தொடரைப் படிக்காமல் கடந்தவர்கள் இழந்த பணம் பெரிது. எனவேதான் பல ஏலங்களில் பொருளை முன்கூட்டியே நேரில் பார்ப்பதற்கு நாள் ஒதுக்கப்படுகிறது. போடி வணிகர் கையிலேந்தும் மாதிரிக் காய்களின் பயனும் இதுவே. நேரில் பார்க்க இயலாத பொருளாயின் படங்கள், அளவுகள், விற்பவரின் முந்தைய விற்பனைகள் பற்றிய கருத்துகள் ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். படத்தில் காட்டப்படாத பக்கமே கேள்விக்குரிய பக்கம்.

பொருளின் மதிப்பை அறிவதிலும் ஒரு நுட்பம் உண்டு. விற்பனைக்கு வைத்திருக்கும் விலை வேறு. விற்று முடிந்த விலை வேறு. முன்னது விற்பவரின் விருப்பம். பின்னது சந்தையின் தீர்ப்பு. மறுவிற்பனையாளர் கணக்கில் கொள்ள வேண்டியது விற்று முடிந்த விலையையே.

கேட்குமுன் கணக்கு

அலுவலகம் ஒன்று கழித்த 20 சுழல்நாற்காலிகள் மின்னேலத்திற்கு வருவதாகக் கொள்ளலாம். செப்பனிட்ட நாற்காலி ஒன்று உள்ளூரில் 2,000 ரூபாய்க்கு விலைபோகிறது. ‘20 நாற்காலி, 40,000 ரூபாய்; 20,000 ரூபாய்க்கு எடுத்தால் பாதிக்குப் பாதி இலாபம்’ என்று கணக்கிடுகிறார் ஒருவர்.

மற்றொருவர் நேரில் சென்று பார்க்கிறார். 4 நாற்காலிகளின் அடிப்பகுதி உடைந்திருக்கிறது. அவை பழைய இரும்பாக, ஒன்று 200 ரூபாய் வீதம் 800 ரூபாய்க்கே போகும். எஞ்சிய 16 நாற்காலிகளால் 32,000 ரூபாய் வரும். ஆக மொத்த வரவு 32,800 ரூபாய். அடுத்துச் செலவுகளை எழுதுகிறார்.

ஏற்றி வரும் வண்டி வாடகை – ரூ. 2,500
செப்பனிடுதல் (16 × ரூ. 250) – ரூ. 4,000
விற்பனைத் தரகு, 32,000 ரூபாயில் 10 விழுக்காடு – ரூ. 3,200
வாங்குபவரிடம் சேர்த்தல் (16 × ரூ. 150) – ரூ. 2,400
மொத்தச் செலவு – ரூ. 12,100

தம் உழைப்புக்கும் முதலீட்டுக்கும் 5,000 ரூபாய் கிடைத்தால் போதும் என்பது அவர் முடிவு. 32,800 ரூபாயில் 12,100 ரூபாயையும் 5,000 ரூபாயையும் கழித்தால் எஞ்சுவது 15,700 ரூபாய். ஏல விலையின்மீது 18 விழுக்காடு வரி எனக் கொண்டால், வரியும் இத்தொகைக்குள் அடங்க வேண்டும். ஆகவே அவர் கேட்கக்கூடிய உயர்ந்த விலை 13,300 ரூபாய். இதுவே அவர் எல்லை.

முதலாமவர் 20,000 ரூபாய்க்கு ஏலம் எடுக்கிறார். வரியோடு அது 23,600 ரூபாய். செலவு 12,100 ரூபாயையும் கூட்டினால் 35,700 ரூபாய். வரவோ 32,800 ரூபாய். உழைத்தும் 2,900 ரூபாய் இழப்பு. ஏலத்தில் வென்றவர் அவர். வணிகத்தில் தோற்றவரும் அவரே. விற்கும்போது கைக்கு வரும் இலாபம், வாங்கும்போதே முடிவாகிவிடுகிறது என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

வென்றவரின் துன்பம்

கணக்குத் தெரியாதவர் மட்டுமே இவ்வாறு தோற்பர் என்று எண்ணுவதற்கில்லை. 1971ஆம் ஆண்டு கேப்பன், கிளாப், கேம்பல் ஆகிய மூன்று எண்ணெய்த்துறைப் பொறியாளர்கள் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் எடுக்கும் உரிமையை ஏலத்தில் பெற்ற நிறுவனங்கள் எதிர்பார்த்த வருவாயைப் பெறாததன் காரணத்தை அவர்கள் ஆராய்ந்தனர். கடலடியில் எவ்வளவு எண்ணெய் உள்ளது என்பதை எவரும் உறுதியாக அறியார். ஒவ்வொரு நிறுவனமும் மதிப்பிட்டே விலை கேட்கும். சிலர் மதிப்பீடு குறைவாக இருக்கும். சிலர் மதிப்பீடு மிகையாக இருக்கும். ஏலத்தில் வெல்பவரோ மிகையாக மதிப்பிட்டவராகவே இருக்க நேர்கிறது. ‘வென்றவரின் துன்பம்’ என்று இந்நிலை சுட்டப்படுகிறது.

1983இல் பேசர்மன், சாமுவெல்சன் என்னும் அறிஞர்கள் இதை வகுப்பறையிலேயே மெய்ப்பித்தனர். மேலாண்மை மாணவர்களிடம் நாணயங்கள் நிறைந்த கண்ணாடிச் சாடிகளை ஏலம் விட்டனர். ஒவ்வொரு சாடியின் மதிப்பும் 8 டாலர். மாணவர்களின் மதிப்பீடு சராசரியாக 5.13 டாலரே. ஆயினும் வென்றவர்கள் கொடுத்த விலையின் சராசரி 10.01 டாலர். பெரும்பாலோர் குறைவாக மதிப்பிட்ட இடத்திலும், வென்றவர் இழந்தார். போட்டியாளர் எண்ணிக்கை கூடக்கூட மிகையாக மதிப்பிட்டவர் ஒருவர் கூட்டத்தில் இருப்பதற்கான வாய்ப்பும் கூடும். எனவே, பலர் முட்டிமோதும் ஏலத்தில் அறிவுடைய வணிகர் தம் எல்லையை உயர்த்துவதில்லை. சற்றுக் குறைத்தே வைக்கிறார்.

கடைசி நொடி

ஏலத்தில் உள்ளம் பதறுவது இயல்பு. ‘இன்னும் நூறு ரூபாய்தானே’ என்னும் எண்ணமே எல்லையை உடைக்கும் முதல் விரிசல். இதைத் தவிர்க்க ஈபே போன்ற தளங்களில் தானியங்கிக் கேட்பு முறை உண்டு. ஒருவர் தம் உயர்ந்த விலையை முன்னரே பதிவு செய்துவிடலாம். பிறர் கேட்கும் அளவுக்கு ஏற்ப, தளமே அவர் சார்பில் சிறிது சிறிதாக உயர்த்திக் கேட்கும். வென்றால் அவர் தம் உயர்ந்த விலையைக் கொடுக்க வேண்டியதில்லை. இரண்டாமவரின் விலையைவிடச் சற்று மிகுதியாகக் கொடுத்தால் போதும்.

இம்முறையின் உயிர்நிலைக் கருத்தை 1961லேயே வில்லியம் விக்ரி என்னும் பொருளியலாளர் ஆராய்ந்தார். உயர்ந்த விலை கேட்டவருக்குப் பொருளும், இரண்டாம் விலையே அவர் செலுத்தும் தொகையும் என்று அமைந்த மறைவான ஏலத்தில், பொருளின் மதிப்பு தமக்கு எவ்வளவோ அதையே உண்மையாகக் கேட்பதுதான் ஒருவருக்கு நன்மை பயக்கும் என்று அவர் நிறுவினார். 1996இல் அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வந்த மூன்றாம் நாள் அவர் மறைந்தார்.

முடியும் நேரம் நிலையாக வரையறுக்கப்பட்ட ஏலங்களில் கடைசி நொடிகளில் விலை கேட்போர் மிகுதி. மெழுகுவர்த்தியின் புகையைப் பார்த்தவரின் வழித்தோன்றல்கள் இவர்கள். ஆல்வின் ராத், ஆக்செல் ஆக்கென்ஃபெல்ஸ் ஆகியோர் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதனை ஒப்பிட்டு விளக்கியது. கடைசி நேரக் கேட்பு வந்தால் ஏலம் தானாக நீளும் விதியுடைய அமேசான் ஏலத்தைவிட, முடிவு நேரம் மாறாத ஈபே ஏலத்தில் கடைசி நொடிக் கேட்பு மிகுதியாக இருந்தது. விதி மாறினால் நடத்தை மாறுகிறது. நொடிகளை நம்பி ஓடுபவரும், எல்லையை முன்பே எழுதி வைத்தவரும் ஒரே ஏலத்தில் இருக்கலாம்; முன்னவருக்குச் சில வேளை பொருள் கிடைக்கும்; பின்னவருக்கு எப்போதும் அமைதி கிடைக்கும்.

சட்டமும் அறமும்

இந்தியச் சரக்கு விற்பனைச் சட்டம், 1930இன் 64ஆம் பிரிவு ஏலத்திற்குரியது. சுத்தியல் விழும்வரை, அல்லது வழக்கமான வேறு முறையில் விற்பனை அறிவிக்கப்படும்வரை, கேட்டவர் தம் விலையைத் திரும்பப் பெறலாம். விற்பவர், முன்னறிவிப்பின்றித் தாமே மறைந்து நின்று விலை கேட்பது மோசடி. விலையை ஏற்றுவதற்காகப் போலியாகக் கேட்கச் செய்தால், வாங்கியவர் அவ்விற்பனையை விலக்கிக்கொள்ளலாம். இணையத்தில் ஒருவரே பல பெயர்களில் கேட்பது எளிது. ஆதலால் இவ்விதியின் தேவை இன்று மேலும் கூடியுள்ளது.

வாங்கும் சரக்கின் வரலாறும் தெரிந்திருக்க வேண்டும். திருடப்பட்டதெனத் தெரிந்தே ஒரு பொருளை வாங்குவது குற்றம். விலை நம்பமுடியாத அளவுக்குக் குறைவாக இருப்பின், அது நல்வாய்ப்பா என்று கேட்குமுன், ‘இது யாருடையது?’ என்று கேட்பதே முறை.

விற்கும்போதும் அதே அறம் வேண்டும். தாம் வாங்கும்போது அஞ்சிய மறைவான குறையைத் தாம் விற்கும்போது மறைத்தல் தகாது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்கள் கொள்வதில் மிகையும் கொடுப்பதில் குறையும் இன்றி வணிகம் செய்தனர் என்று பட்டினப்பாலை அவர்களைப் போற்றுகிறது. கீறல் விழுந்த நாற்காலியின் கீறலையும் படமெடுத்துக் காட்டுபவர் அம்மரபின் இன்றைய தொடர்ச்சி. அதனால் அவர் ஒரு விற்பனையில் நூறு ரூபாய் இழக்கக்கூடும்; ஆனால் அடுத்த பத்து விற்பனைகளுக்கான நம்பிக்கையை ஈட்டுகிறார்.

தெரிந்து தெளிவோம்

இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி 18 வயது நிறையாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. எனவே மாணவர்கள் தம் பெயரில் ஏலம் கேட்க இயலாது. பெரியோரின் கணக்கைக் கொண்டு மறைவாகக் கேட்பதும் தவறு.

ஏலப்பொருளுக்கென முன்பணம் கேட்டு, தளத்திற்கு வெளியே தனிக் கணக்கில் செலுத்தச் சொல்வது ஏமாற்றுவோர் கையாளும் வழி. ஒருமுறைக் கடவுஎண்ணை எவருக்கும் தெரிவித்தல் கூடாது. பணத்தை இழந்தால் 1930 என்னும் தேசிய இணையக் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும்.

எழுந்துசெல்லும் துணிவு

போடி மின்னேலக் கூடத்தில் வணிகர் மாதிரிக் காய்களை முகர்ந்து பார்க்கிறார். காய் நன்று. விலையும் ஏறுகிறது. அவர் மனத்தில் எழுதிய எண்ணைத் திரையில் ஏறும் எண் கடக்கிறது. அவர் விரல் விசையைவிட்டு விலகுகிறது. காய்களைத் தட்டில் வைத்துவிட்டு அடுத்த குவியலின் மாதிரியை எடுக்கிறார். காண்பவருக்கு அது தோல்வியாகத் தோன்றலாம். அவருடைய முதல் அன்று காப்பாற்றப்பட்டது. நாளைய ஏலத்திலும் அவர் அமர்ந்திருப்பார். பேரரசையே ஏலத்தில் எடுத்த ஜூலியானஸுக்குத் தெரியாமற்போனது, இச்சிறு வணிகருக்குத் தெரிந்திருக்கிறது.

கலைச்சொற்கள்

தொடக்க விலை – ஏலம் தொடங்கும் குறைந்த விலை
முன்வைப்புத் தொகை – ஏலத்தில் பங்கேற்க முன்கூட்டிச் செலுத்தும் தொகை
தானியங்கிக் கேட்பு – பதிவு செய்த எல்லைவரை தளமே உயர்த்திக் கேட்கும் முறை
போலிக் கேட்பு – வாங்கும் எண்ணமின்றி, விலையை ஏற்றுவதற்காக மட்டும் கேட்பது
வென்றவரின் துன்பம் – மிகையாக மதிப்பிட்டு ஏலத்தில் வென்று இழப்படைதல்

கற்பவை கற்றபின்

1. ஒரு கண்ணாடிச் சாடியில் புளியங்கொட்டைகளை எண்ணிப் போட்டு, அவற்றின் எண்ணிக்கையை வகுப்பிலுள்ள ஒவ்வொருவரும் மதிப்பிட்டு எழுதுக. மிகுதியாக மதிப்பிட்டவரின் எண்ணையும் உண்மையான எண்ணையும் ஒப்பிட்டு, ‘வென்றவரின் துன்பம்’ குறித்துக் கலந்துரையாடுக.

2. உங்கள் ஊரில் நடைபெறும் காய்கறி, மீன், கால்நடை ஏலங்களுள் ஒன்றைக் கண்டு, அங்கு வழங்கும் சொற்களைத் தொகுத்து வகுப்பில் படித்துக் காட்டுக.

மதிப்பீடு

குறுவினா
1. ‘ஏலம்’ என்னும் சொல்லின் இரு பொருள்களையும் அவற்றின் மூலத்தையும் எழுதுக.
2. ‘உள்ள இடத்தில் உள்ள நிலையில்’ – இத்தொடர் உணர்த்தும் கருத்து யாது?

சிறுவினா
1. மெழுகுவர்த்தி ஏலத்தில் வென்றவரின் நுண்ணறிவை விளக்குக.
2. விற்பவர் அறிந்த குறையை வாங்குபவர் அறியாதபோது சந்தை கெடுவது எவ்வாறு?

நெடுவினா
1. ‘விற்கும்போது கைக்கு வரும் இலாபம், வாங்கும்போதே முடிவாகிவிடுகிறது’ – இக்கூற்றைப் பாடப்பகுதியின் கணக்கைக் கொண்டு நிறுவுக.